புங்கமர நிழலில் ஒரு ஸ்பீடு கன்

“சாமி, ஒரு கேள்வி.”

“கூடையை எடுத்துக்கங்க அக்கா.”

சம்பங்கிச் சாமியிடம் கேள்வி கேட்க வேண்டுமென்றால் அதுதான் வழக்கம். விடிவதற்குள் அவருடைய சம்பங்கித் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து பூப்பறிக்க வேண்டும். பறித்துக்கொண்டே கேட்க வேண்டும். கேட்பவர் கை நின்றால் அவர் பதிலும் நின்றுவிடும். சும்மா உட்கார்ந்து கேட்கிற கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று அவர் சொல்லுவார். சொல்லிவிட்டு, உட்கார்ந்தவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவைப்பார்.

சாமிக்கு வயது நாற்பத்தொன்று. கேட்க வந்த மயிலாத்தாளுக்கு ஐம்பத்தாறு. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். கரட்டூரில் யாருக்கும் இது விசித்திரமாகப் பட்டதில்லை.

மயிலாத்தாள் கூடையைக் கட்டிக்கொண்டாள்.

“போலீஸ்காரங்க ரோட்டுல மிஷினை வெச்சுக்கிட்டு நிக்கறது நம்ம உயிருக்காகவா, இல்ல அவங்க கணக்குக்காகவா?”

சாமி நாலு பூ பறித்தார்.

“உங்களை நிறுத்தினாரே, அவரைப் பத்திக் கேக்கறீங்களா?”

“பொதுவாத்தானுங்க கேட்டேன்.”

“பொதுவா எனக்கு யாரையும் தெரியாதுங்களே அக்கா.”

விஷயம் இதுதான். மயிலாத்தாள் முப்பத்தோரு வருஷமாகக் கரட்டூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். காரின் தலையில் ஒரு பலகை இருக்கும். ‘பொறுமை டிரைவிங் ஸ்கூல்’ என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே ‘நிதானமே நமது வேகம்’ என்று சிறிய எழுத்தில். பத்து நாள் முன்னால், அந்தப் பலகையும் எல் போர்டும் பளபளக்க, ஏரிக்கரை வளைவில் அவளை வேகத்துக்காகப் பிடித்துவிட்டார்கள். நாற்பதுக்கு மேல் போகக் கூடாத இடம். மிஷின் காட்டியது அறுபத்தெட்டு.

ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் ஒருவர் கேட்டார், “ஏனுங் மாஸ்டரம்மா, பொறுமை எத்தனாவது கியருங்க?”

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்குப் பயம் வேறு. வேகத்துக்காகப் பிடிபட்டால் லைசென்ஸையே மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத மாஸ்டர் யாருக்குக் கற்றுக்கொடுப்பது? மூன்று மாதம் மூடிக் கிடந்த பள்ளியைத் தேடி யார் வருவார்கள்? அதனால்தான் அவள் அன்றைக்கே அபராதத்தைக் கட்டாமல், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை வாய்தா.

“மிஷின் தப்புங்க சாமி,” என்றாள். “நான் நாப்பதுலதான் வந்தேன்.”

இந்த நாற்பதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பிடிபட்ட அன்று சாயங்காலம் தங்கச்சியிடம் போனில் பேசும்போது, “மிஞ்சி மிஞ்சிப் போனா அம்பத்தஞ்சு இருக்கும்” என்றாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் அது ஐம்பது ஆயிற்று. ஒரு வாரத்தில் நாற்பத்தைந்துக்கு வந்தது. இப்போது நாற்பதில் நிற்கிறது. இன்னும் நாலு நாள் விட்டால் வண்டி நின்றுகொண்டிருந்தது என்றுகூடச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் பொய் சொல்வதாக அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்போது சொன்ன எண்ணை மனதார நம்பித்தான் சொன்னாள்.

“அவங்க எதுக்கு நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? மாசக் கடைசி. மேல கணக்குக் காட்டணும். நேரா நின்னா வண்டிக்காரன் பாத்துருவான்னு புங்கமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கறாங்க. பஸ்ஸை விட்டுருவாங்க, காரைப் புடிப்பாங்க. நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன், ஏழு காரணம்.”

“ஏழா?”

“ஏழுங்க.”

“கை நின்னுருச்சு அக்கா.”

மயிலாத்தாள் அவசரமாக ரெண்டு பூ பறித்தாள். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்களும் வண்டியிலதானுங்க இருந்தீங்க. பூ டெம்போ பஞ்சராயி, நான்தானே உங்களையும் ரெண்டு மூட்டைப் பூவையும் ஏலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நீங்க கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வண்டி மெதுவாத்தான் போச்சுன்னு. உங்க வார்த்தைய யாரும் தட்ட மாட்டாங்க.”

“மெதுவாத்தான் போச்சுங்களா?”

“போச்சுங்க.”

“நான் மீட்டர் முள்ளைப் பாக்கலையே.”

“நான் சொல்றனில்லீங்க?”

சாமி கூடையைப் பார்த்தார். நிறைந்துவிட்டது.

“சரி, வர்றேன்,” என்றார். “ஆனா மொதல்ல உங்க கேள்விக்குப் பதில் தெரியணுமே. வாங்க, போய்க் கேட்டுட்டு வந்துரலாம்.”

“யார்கிட்ட?”

“நிக்கறவர்கிட்ட.”

ஏரிக்கரை வளைவில், அவளைப் பிடித்த எஸ்.ஐ. இன்னாசி அன்றும் புங்கமரத்துக்குப் பின்னால்தான் இருந்தார். முக்காலியின் மேல் ஸ்பீடு கன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் அவருடைய ஈரத் துண்டு. கால்வாய்க் கட்டைச்சுவரின் மேல் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

பலகை வைத்த கார் அவ்வளவு மெதுவாக வந்து ஓரம் கட்டியதைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நான் கூப்புடவே இல்லீங்களே மாஸ்டரம்மா!”

“உங்ககிட்ட ஏழு கேள்வி கேக்கணுமாம்,” என்றார் சாமி. கொண்டுவந்த பூவில் ஒரு கை அள்ளி நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். “நேரம் இருக்குங்களா?”

“வண்டி வராத நேரமெல்லாம் நேரம்தானுங்க சாமி.”

மயிலாத்தாள் கட்டையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஒருவரைப் பற்றி எழுதியதை அவர் முகத்துக்கு நேரே படிப்பது அவ்வளவு சுலபமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மரத்துக்குப் பின்னால எதுக்கு ஒளிஞ்சு நிக்கறீங்க?”

“ஒளியலீங்க. நிழலு.” இன்னாசி வெயிலைக் காட்டினார். “அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. மிஷின் சூடானா மாத்திக் குடுப்பாங்க. நான் சூடானா யாரு மாத்திக் குடுப்பாங்க?”

சாமி சிரித்தார். மயிலாத்தாள் சிரிக்கவில்லை. முதல் கேள்விக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

“பஸ்ஸை விட்டுட்டுக் காரை மட்டும் புடிக்கறீங்களே, அது?”

“போன வாரம் ரெண்டு பஸ் எழுதினனுங்க. அதுல ஒண்ணை ஓட்டிட்டு வந்தது என் மச்சினன். அன்னியிலிருந்து எங்க வீட்டுக் குழம்புல உப்பு இல்லீங்க. கேட்டா, வீட்டுக்காரி ‘ரூல்படிதான் வெச்சேன்’ங்கறா.”

இந்தத் தடவை மயிலாத்தாளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளுடைய பெரிய கேள்வி இனிமேல்தான்.

“மாசத்துக்கு இத்தனை கேஸ் எழுதணும்னு மேல கணக்கு இருக்குதா இல்லையா? சாமி முன்னால சொல்லுங்க.”

இன்னாசி ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“இருக்குதுங்க.”

“பாத்தீங்களா சாமி!” மயிலாத்தாள் கட்டையிலிருந்து குதிக்காத குறை. “அவரே ஒத்துக்கிட்டாரு!”

“கேட்டுச்சு அக்கா.”

“அப்ப இவங்க நிக்கறது கணக்குக்குத்தான்!”

சாமி இன்னாசியிடம் திரும்பினார். “அப்படித்தானுங்களா?”

இன்னாசி ஈரத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“காலையில வர்றப்ப, இந்த வளைவுல யாரும் அடிபடக் கூடாதுன்னு நினைச்சுட்டுத்தான் வர்றனுங்க. அது நெஜம். பதினோரு மணிக்கு மேல, எப்படா நம்பர் முடியும்னு இருக்கும். அதுவும் நெஜம். சில பேரு நிறுத்துனா, ‘நான் யாரு தெரியுமா’ன்னு கேப்பாங்க. அப்ப கோபத்துல எழுதுவேன். சில நாளு வீட்டுக்குப் போறதுக்கு இங்க நிக்கறதே தேவலைன்னு நிக்கறேன். குழம்பு அப்படி. இதுல எதுக்காக நிக்கறேன்னு ஒண்ணைச் சொல்லச் சொன்னா, எனக்கே தெரியலீங்க சாமி.”

சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல விளைச்சலைப் பார்த்தவர்போல இன்னாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு சுத்தமான பதிலை நான் கேட்டு ரொம்ப நாளாச்சுங்க,” என்றார்.

மயிலாத்தாளுக்கு அது பிடிக்கவில்லை. ஏழில் மூன்றுதான் கேட்டிருந்தாள். மிச்சம் நாலையும் இதே பதில் விழுங்கிவிட்டதுபோல இருந்தது. நோட்டை மூடினாள்.

“இவரு எதுக்கு நின்னாலும் சரி, அந்த மிஷின் தப்புங்க சாமி. அதுல இருக்கற சீட்டைப் பாருங்க. வருஷா வருஷம் சோதிச்சு ஒட்டணும். என்னைப் புடிச்ச அன்னிக்கே தேதி முடிஞ்சு பதினோரு நாள். நான் கவனிச்சுட்டுத்தான் வந்தேன்.”

இன்னாசி பெருமூச்சு விட்டார். “அது நெஜந்தானுங்க. மேல எழுதிப் போட்டிருக்கேன். புதுச் சீட்டு இன்னும் வரலை. அதனால இன்னிக்கு நான் யாரையும் எழுதலை. சும்மா காட்டிக்கிட்டு நிக்கறேன். பாத்தாலே கொஞ்சம் மெதுவாப் போறாங்க.”

“சோதிக்காத மிஷினு எதை வேணா காட்டும்,” என்றாள் மயிலாத்தாள்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது.

“அக்கா,” என்றார் சாமி, “அது எவ்வளவு வேகத்துல வருதுங்க?”

மயிலாத்தாள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. முப்பத்தோரு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முள்ளைப் பார்க்காமல், எஞ்சின் சத்தத்தை வைத்தே “குறைச்சுக்கோ”, “கியரை மாத்து” என்று சொல்லிப் பழகியவள். அந்த விஷயத்தில் அவளுக்குப் பெருமை உண்டு. அது நியாயமான பெருமைதான்.

“மினி லாரி. லோடு இல்லை. நாப்பத்தி நாலு.”

இன்னாசி மிஷினைத் திருப்பினார். விசையை அழுத்தினார். எட்டிப் பார்த்தார்.

“நாப்பத்தி மூணு!”

“நாப்பத்தி நாலு,” என்றாள் மயிலாத்தாள். “உங்க மிஷின் ஒண்ணு கம்மி.”

இன்னாசிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தார். “அடுத்ததும் சரியாச் சொன்னா இது உங்களுக்கு. எங்க வீட்டு மரத்துது.”

ஒரு கார் வந்தது.

“டீசல். டிரைவர் கால் நடுங்குது, புதுசு. முப்பத்தாறு.”

“முப்பத்தஞ்சு!”

“ஒண்ணு கம்மின்னு சொன்னனில்ல? பழத்தைக் குடுங்க.”

பிறகு ஒரு பைக். ஐம்பத்தெட்டு என்றாள், ஐம்பத்தேழு காட்டியது. ஒரு ஆம்னி வேன். நாற்பத்தொன்று, நாற்பது. பால் வண்டி, பள்ளிக்கூட பஸ், ஒரு ஜீப். இன்னாசி ஒவ்வொரு தடவையும் மிஷினைப் பார்த்துவிட்டு “அடேங்கப்பா” என்றார். சாமி கட்டையில் உட்கார்ந்து, அவள் ஜெயித்த பழத்தைக் கடித்துக்கொண்டே கைதட்டினார். ஒரு டிராக்டர் வந்தது. மயிலாத்தாள் கையை வீசினாள், “இதையெல்லாமா கேப்பீங்க? பதினெட்டு. பின் சக்கரத்துல காத்துக் கம்மி.” டிராக்டர்காரர் நிறுத்தி இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, “யாருங்க சொன்னது?” என்று கேட்டார். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்னாசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மயிலாத்தாள் இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது. பையில் மூன்று பழம்தான் மிச்சம்.

“மாஸ்டரம்மா,” என்றார் இன்னாசி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் குரலில் சூது எதுவும் இல்லை. விளையாட்டின் நடுவில் அடுத்த வண்டியைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். “அப்ப, அன்னிக்கு உங்க வண்டி?”

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள்.

நாற்பது என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் காதுக்குள் அவளுடைய வண்டியின் சத்தம் கேட்டது. இறக்கத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் இழுத்த இழுப்பு. கண்ணாடி ஓரத்தில் காற்று சீறியது. பின்னால் பூமூட்டை வளைவில் சரிந்து கதவில் இடித்த சத்தம். எல்லாம் வரிசையாக வந்தன. மற்றவர்கள் வண்டிக்குச் சொன்ன அதே காது, அவள் வண்டிக்கும் சொல்லிவிட்டது.

வாயை மூடிக்கொண்டாள்.

“பதினோரு மணிக்கு ஒரு கிளாஸ் இருக்குதுங்க,” என்று எழுந்தாள்.

திரும்பிப் போகும்போது வண்டி முப்பதைத் தாண்டவில்லை. ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனார். சாமி எதுவும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவள் மறுபடி தோட்டத்துக்கு வந்தாள். அவளாகவே கூடையைக் கட்டிக்கொண்டாள். ஒரு வரிசை முழுக்கப் பேசாமல் பறித்தாள்.

“சாமி, மிஷினோட சீட்டு காலாவதி ஆனது உண்மைதானுங்களே?”

“உண்மைதான்.”

“நான் அதைக் கோர்ட்டுல சொன்னாத் தப்புங்களா?”

“உண்மையைச் சொல்றதுல என்ன தப்பு? சொல்லுங்க.”

“சொன்னாக் கேஸ் தள்ளுபடி ஆயிரும்.”

“ஆகட்டும்.”

“லைசென்ஸுக்கும் ஒண்ணும் ஆகாது.”

“நல்லதுதானே?”

மயிலாத்தாளுக்குக் கோபமாக வந்தது. கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் அவரோடு வாதாடியிருக்கலாம். சரி என்றே சொல்லிக்கொண்டிருப்பவரோடு என்ன செய்வது?

“நீங்க வந்து என்ன சொல்லப் போறீங்க?”

“கேட்டதுக்குச் சொல்லுவேன்.”

“என்ன கேப்பாங்க?”

“அது அவங்களுக்குத்தானே தெரியும் அக்கா. பூவைப் பாத்துப் பறிங்க, காம்பு நசுங்குது.”

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம் அதிகம். மின்விசிறி ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை. நீதிபதி சின்ன வயதுப் பெண். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் எல்லோரையும் பார்த்தார். பெயர் கூப்பிட்டதும் மயிலாத்தாள் முன்னால் போய் நின்றாள். ஒரு பக்கம் இன்னாசி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் கையில் காகிதம் ஒன்று இருந்தது. இரவெல்லாம் எழுதி, அடித்து, மறுபடி எழுதியது.

“என்ன சொல்றீங்க?” என்றார் நீதிபதி.

“மிஷினோட சோதனைச் சீட்டு காலாவதிங்கம்மா. என்னைப் புடிச்ச அன்னிக்குத் தேதி முடிஞ்சு பதினோரு நாள்.”

நீதிபதி இன்னாசியைப் பார்த்தார். “உண்மையா?”

“உண்மைங்கம்மா. புதுச் சீட்டு நேத்துத்தான் வந்துச்சு.”

“அப்ப இந்த அறுபத்தெட்டை நான் எப்படி நம்பறது?”

இன்னாசி கையிலிருந்த தொப்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஜெயித்தாகிவிட்டது. மயிலாத்தாளுக்கே தெரிந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நீதிபதி பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர், நிமிர்ந்து இன்னாசியிடம் குரலை உயர்த்தினார்.

“சோதிக்காத மிஷினை வெச்சுக்கிட்டு, இங்க வர்றவங்க எல்லாம் சொல்ற மாதிரி மரத்துக்குப் பின்னால நின்னு, வாய்க்கு வந்த நம்பரை எழுதறீங்களா? மாசக் கடைசிக் கணக்குக்கு யார் கிடைச்சாலும் சரியா?”

மரம், மாசக் கடைசி, கணக்கு. மயிலாத்தாளின் நோட்டிலிருந்து எடுத்துப் படித்த மாதிரியே இருந்தது. ஒரு வார்த்தை மாறவில்லை. இன்னாசியின் காது சிவந்துவிட்டது. நிழலுக்காக நின்றேன் என்று அவர் சொல்லவில்லை. காலையில் வரும்போது என்ன நினைத்துக்கொண்டு வருவார் என்பதையும் சொல்லவில்லை. தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

“அம்மா,” என்றாள் மயிலாத்தாள்.

“உங்க வேலை முடிஞ்சுது. போகலாம்.”

“மிஷின் சரியாத்தானுங்கம்மா காட்டுச்சு.”

பேனா நின்றது.

“என்னது?”

“சரியா இல்லீங்க. ஒண்ணு கம்மியாக் காட்டுச்சு. நான் அறுபத்தொம்பதுல வந்தேன்.”

இன்னாசி தொப்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காதுங்கம்மா. முப்பத்தோரு வருஷமாக் கத்துக்குடுக்கறேன்.”

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளையே பார்த்தார். வெளியே வாசலில் ஒரு பைக் போயிற்று.

“அது?”

“இருபத்தாறுங்க,” என்றாள் மயிலாத்தாள், யோசிக்காமல். “செயின் தளர்ந்திருக்குது.”

“ஆமாங்க, அது என் வண்டிதான்,” என்று கோர்ட் ஊழியர் ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். “தம்பி எடுத்துட்டுப் போறான்.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்ததை முதல் வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

“ஒத்துக்கிட்டா என்ன ஆகும்னு தெரியுமா? மூணு மாசம் லைசென்ஸை நிறுத்தச் சொல்லி நான் எழுதலாம்.”

“தெரியுமுங்க.” கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். “அதுக்குப் பயந்துதான் நாப்பதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் மயிலாத்தாள் பள்ளியை மனதுக்குள் மூன்று தடவை மூடித் திறந்தாள்.

“முதல் தடவை. அபராதம் மட்டும். லைசென்ஸைப் பத்தி நான் எதுவும் எழுதலை. இன்னொரு தடவை இங்க உங்களைப் பாத்தா எழுதுவேன்.” இன்னாசியிடம் திரும்பினார். “நான் சொன்னதுல கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கறேன். எல்லாத்தையும் இல்லை. சீட்டை நேரத்துக்கு வாங்கி ஒட்டுங்க.”

“சரிங்கம்மா.”

மயிலாத்தாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோற்றுவிட்டு ஒருத்தி இவ்வளவு லேசாக உணர முடியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னாசி அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், விரலால் ஒன்று என்று காட்டினார். ஒண்ணு கம்மி.

நீதிபதி வழக்குக் கட்டை மூடிவிட்டு அடுத்ததை எடுத்தார். அப்போதுதான் மயிலாத்தாளுக்குப் பின்னால் வேட்டி சட்டையில் ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“சாட்சிங்கம்மா,” என்றார் சம்பங்கிச் சாமி.

“யாருக்கு?”

“அக்காவுக்குத்தான் வந்தேன். அன்னிக்கு வண்டியில பக்கத்து சீட்டுல நான் இருந்தேன்.”

“அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே. இனி நீங்க சொல்றதுக்கு என்ன இருக்கு? வண்டி என்ன வேகத்துல போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்கம்மா. முள்ளை நான் பாக்கலை. ஆனா ஏலத்துக்கு நேரமாயிருச்சு. அக்கா இன்னும் கொஞ்சம் அழுத்தக் கூடாதான்னு, வழியெல்லாம் மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேதான் வந்தேன்.”

மயிலாத்தாள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

சாமி சட்டைப் பையில் கையை விட்டார்.

“அதுக்கு எவ்வளவு கட்டணுமுங்க?”